சயின்ஸ் ஃபிக்ஷன் மர்மக்கதையில க்ளூவை எங்க வைக்கிறது? கடைசியில சொன்னா ஏமாத்துற மாதிரி இருக்குன்றாங்க, முன்னாடி சொன்னா கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு இருக்கு

இரவுவாசகன்:

வணக்கம் நண்பர்களே. ஒரு குறுநாவல் முதல் டிராஃப்ட் முடிச்சிட்டு உக்காந்திருக்கேன். கொலை மர்மம்தான், ஆனா நடக்குறது ஒரு விண்கலத்துல. கதையோட முக்கிய விஷயத்தை சொன்னாதான் கேள்வி புரியும், அதனால முடிவையும் சேர்த்தே சொல்லிடறேன்.

கப்பல்ல இருக்குற எல்லாருக்கும் காதுக்குப் பின்னாடி ஒரு நினைவுச் சில்லு இருக்கும், அவங்க பாக்குறது கேக்குறது எல்லாம் அதுல பதிவாகும், யாராவது செத்துப்போனா அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கலாம். ஒரு இன்ஜினியர் அவன் அறையில செத்துக் கிடக்குறான். சில்லை எடுத்துப் பார்த்தா இரவு 11:20க்கு பதிவு நின்னுடுது, கடைசி வரைக்கும் அறையில வேற யாரும் இல்ல. 11:20க்கு கப்பல்ல இருந்த மத்த எல்லாரும் ஒண்ணா ஒரே ஹால்ல இருந்தாங்க. அப்ப யாரு கொன்னா?

விடை என்னன்னா அந்தச் சில்லு தூங்கும்போது பதிவு பண்ணாது. கொலைகாரன் முன்கூட்டியே தண்ணியில தூக்க மருந்து கலந்து வச்சிருக்கான், 11:20க்கு இன்ஜினியர் சாகல, தூங்கிட்டான், அவ்வளவுதான். கொலை நடந்தது 1 மணிக்கு மேல. உள்ள வந்து ஊசி போட்டுட்டுப் போயிடுறான்.

இந்த "தூங்கும்போது பதிவாகாது"ங்கிறதை நான் கடைசி சேப்டர்லதான் டிடெக்டிவ் வாயால சொல்றேன். படிச்சுப் பார்த்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொன்னாங்க, கதை நல்லா இருக்கு ஆனா முடிவு ஏமாத்துற மாதிரி இருக்கு, எங்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லையேன்னு. சரி முன்னாடியே எங்கயாவது சொல்லிடலாம்னு பார்த்தா, எந்த இடத்துல வச்சாலும் பளிச்சுனு தெரியுது, மர்மக்கதை படிச்சுப் பழகினவங்க அந்த வரியைப் பார்த்ததுமே முடிச்சிடுவாங்க. எப்படி வைக்கிறது? இந்த ஐடியாவே விட்டுடணுமா?

---

பக்கம்புரட்டி:

விட்டுடாதீங்க ப்ரோ, ஐடியா ரொம்ப நல்லா இருக்கு. இறந்த நேரத்தைத் தப்பா கணக்குப் போட வச்சு கொலைகாரனுக்கு அலிபை (அந்த நேரத்துல அவன் வேற இடத்துல இருந்தான்ங்கிற சாட்சி) குடுக்குறது மர்மக்கதையில பழைய அடித்தளம்தான், ஆனா அதை ஒரு சில்லு வச்சுப் பண்றது புதுசா இருக்கு.

உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுல நியாயம் இருக்கு. 1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒருத்தர், பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதினவர், இந்த வகைக் கதைக்கு பத்து விதி எழுதி வச்சார். அதுல ஒண்ணு, இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷம் வரக்கூடாது, கடைசியில நீளமா விஞ்ஞான விளக்கம் குடுக்க வேண்டிய கருவி எதுவும் வரக்கூடாதுன்னு. அப்படியே எடுத்துக்கிட்டா சயின்ஸ் ஃபிக்ஷன்ல மர்மக்கதையே எழுத முடியாது, எல்லாமே புதுக் கருவிதானே. ஆனா அவர் தடுக்க நினைச்சது கருவியை இல்ல, *கடைசியில* வர்ற விளக்கத்தை. அதே விளக்கம் இரண்டாவது சேப்டர்ல வந்திருந்தா அது விளக்கம் இல்ல, கதை நடக்குற இடம்.

சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் அசிமோவ் 1954ல புத்தகமா கொண்டுவந்த தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல் நாவலுக்குப் பின்னாடியும் இதே வாதம்தான் இருந்துச்சு. சயின்ஸ் ஃபிக்ஷனும் துப்பறியும் கதையும் ஒட்டவே ஒட்டாதுன்னு ஜான் கேம்ப்பெல்னு ஒரு பெரிய எடிட்டர் சொல்லிட்டிருந்தார், எழுத்தாளர் இஷ்டத்துக்கு ஒரு எதிர்காலக் கருவியை எடுத்து விட்டு முடிச்சிடலாமேன்னு. அசிமோவ் அதுல என்ன பண்ணார்னா, ரோபோவால மனுஷனுக்குத் தீங்கு செய்ய முடியாதுன்ற விதியை ஒளிச்சு வைக்கவே இல்ல. அது 1942லேருந்தே அவர் கதைகள்ல வெளிப்படையா இருக்குற விதி. அதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் நாம நாவலையே படிக்கிறோம், படிச்சும் விடை தெரியல.

அதனால உங்க சில்லு என்னென்ன பண்ணும்ங்கிறதை விட என்னென்ன பண்ண *முடியாது*ங்கிறதை சீக்கிரமா சொல்லிடுங்க. வாசகர்கிட்ட ஒரு கருவியோட எல்லையை சொல்லாம வச்சிருந்தா அவர் யோசிக்கவே மாட்டார், யோசிச்சு என்ன பிரயோஜனம், எது வேணா நடக்கலாமேன்னு விட்டுடுவார்.

---

மைக்கூடு:

மேல சொன்னது சரி. ஆனா எனக்கு அதை விடப் பெரிய சந்தேகம் ஒண்ணு இருக்கு, யாரும் கேக்கலயே.

கப்பல்ல எல்லாருக்கும் சில்லு இருக்குன்றீங்க. அப்ப தூக்கம் பதிவாகாதுன்றது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணுமே? தினமும் தூங்கி எழுந்திருக்கிற விஷயம், யாராவது ஒருத்தராவது பதிவைத் திருப்பிப் பார்த்திருப்பாங்க. நம்ம ஊர் உலகத்துல போன் சார்ஜ் தீர்ந்தா அணைஞ்சுடும்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி அது அந்த உலகத்துல சாதாரண அறிவு. கடைசி சேப்டர்ல டிடெக்டிவ் அதை ஒரு பெரிய ரகசியம் மாதிரி சொல்லும்போது படிக்கிறவங்களுக்குக் கடுப்பு வர்றதுக்கு உண்மையான காரணம் இதுதான்னு நினைக்கிறேன். க்ளூ குடுக்கல என்கிறது கூட ரெண்டாவதுதான். கதைக்குள்ள இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணை வாசகர்கிட்ட மட்டும் மறைச்சிருக்கீங்க, அதுதான் ஏமாத்துற உணர்வு.

இதையே தலைகீழா திருப்பிப் பாருங்க. எல்லாருக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் யாருக்கும் தோணல? அதுக்கு ஒரு நல்ல காரணம் மட்டும் கண்டுபிடிச்சீங்கன்னா கதை நிமிர்ந்துடும். காரணம் உங்க கதையிலேயே இருக்கு, தூக்க மருந்து! சாதாரணமா தூங்குறவன் படுக்கைக்குப் போவான், விளக்கை அணைப்பான், பதிவு மெதுவா மங்கி நிக்கும். எல்லாருக்கும் பழக்கமான காட்சி அது. ஆனா உங்க இன்ஜினியர் மேஜையில உக்காந்து வேலை பார்த்துட்டிருக்கும்போது, விளக்கு எரியும்போது, ஒரு வாக்கியத்தோட நடுவுல பதிவு நின்னா? பாக்குற யாரும் தூக்கம்னு நினைக்க மாட்டாங்க. மாரடைப்பு, விஷம், ஏதோ ஒண்ணு அந்த நொடியில தாக்கியிருக்குன்னுதான் நினைப்பாங்க. டிடெக்டிவ் உள்பட.

அப்ப நீங்க ஒளிக்க வேண்டியது விதியை இல்ல. அது *இந்த இடத்துக்குப் பொருந்தும்*ங்கிறதை மட்டும்தான். அதை ஒளிக்கிறது ஆயிரம் மடங்கு சுலபம்.

---

வால்நட்சத்திரம்:

மைக்கூடு சொன்னதுக்கு மேல ரெண்டு காட்சி எனக்குத் தோணுது, எடுத்துக்கோங்க.

ஒண்ணு, விதியை வாசகருக்கு சொல்றதுக்கு. கேப்டன் ஒரு பொண்ணுன்னு வச்சுக்கோங்க, புருஷன் முந்தின பயணத்துல இறந்துட்டார். அவரோட சில்லுப் பதிவு அவங்ககிட்ட இருக்கு, ராத்திரி தனியா இருக்கும்போது போட்டுப் பாப்பாங்க. கொலைக்கு முன்னாடியே, சேப்டர் ரெண்டுல. அதுல இப்படி ஒரு இடம்:

*"அவர் விளக்கை அணைக்கக் கை நீட்டினார். 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்றார். அடுத்த கணமே ஜன்னலில் வெளிச்சம், தேநீர்க் கோப்பை, அவளுடைய பழைய சிரிப்பு. நடுவில் இருந்த எட்டு மணி நேரம் எங்கேயும் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவளுக்குப் பிடிக்கும். பிரிவே இல்லாத ஒரு ராத்திரி."*

இதைப் படிக்கிறவங்க கேப்டனோட துக்கத்தைத்தான் பாப்பாங்க. தூக்கம் பதிவாகாதுன்ற தகவல் அப்பட்டமா அதுலயே இருக்கு, ஆனா அது வந்த வேலை வேற. க்ளூ வைக்கிறதுல எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி இதுதான், அந்தத் தகவலுக்கு கதையில இன்னொரு உண்மையான வேலை குடுக்கணும். சும்மா ஒரு விஞ்ஞானி வந்து "இந்தச் சில்லு தூக்கத்துல வேலை செய்யாது தெரியுமா"ன்னு சொன்னா அதுக்கு வேற வேலையே இல்ல, அதனாலதான் உங்களுக்கு எங்க வச்சாலும் பளிச்சுனு தெரியுது.

ரெண்டாவது, இன்ஜினியரோட கடைசி நிமிஷங்கள். டிடெக்டிவ் அதைப் போட்டுப் பாக்குற காட்சியில, இன்ஜினியர் ஒரு ரிப்போர்ட் படிச்சிட்டிருக்கான். ஒரு வரியைப் படிக்கிறான். திரும்ப அதே வரியைப் படிக்கிறான். கண்ணைக் கசக்குறான், ரிப்போர்ட்ல ஏதோ எண் தப்பா இருக்குன்னு டிடெக்டிவ் நினைச்சுக்குறாரு, அந்த எண்ணைத் துரத்திக்கிட்டு மூணு சேப்டர் போறாரு. அந்த எண்ணுக்குப் பின்னாடி வேற ஒரு சின்னத் திருட்டு இருக்கட்டும், அதையும் கண்டுபிடிச்சு முடிச்சிடட்டும், அப்பதான் அந்த வழி வீணாப் போன மாதிரி இருக்காது. கடைசியிலதான் தெரியும், அவன் அந்த வரியை ரெண்டு தடவை படிச்சதுக்குக் காரணம் வரி இல்ல, தூக்கம் சொக்குது அவனுக்கு. வாசகரும் அதே காட்சியைப் பார்த்தார், அவரும் எண்ணைத்தான் பார்த்தார்.

---

இரவுவாசகன்:

வால்நட்சத்திரம், மைக்கூடு, ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல, ரொம்ப ரொம்ப நன்றி. கேப்டன் ஆல்ரெடி பொண்ணுதான் என் கதையில, ஆனா அவங்களுக்குன்னு ஒரு வாழ்க்கையே நான் எழுதல, விசாரணைக்கு அனுமதி குடுக்குறதுக்கு மட்டும்தான் வர்றாங்க. இப்ப அவங்கதான் கதையோட நடு மாதிரி தோணுது.

ஒரு சந்தேகம். உடம்பைப் பரிசோதிச்சா 11:20க்கு சாகலன்னு தெரிஞ்சிடாதா? கப்பல்ல டாக்டர் இருக்காங்க.

---

பக்கம்புரட்டி:

உடம்புச் சூட்டை வச்சும் விறைப்பை வச்சும் சொல்றது எப்பவுமே ஒரு உத்தேச இடைவெளிதான், இத்தனை மணி இத்தனை நிமிஷம்னு யாராலயும் சொல்ல முடியாது. அறை எவ்வளவு குளிரா இருந்துச்சு, ஆள் ஒல்லியா குண்டா, என்ன டிரஸ் போட்டிருந்தான், எல்லாத்தையும் பொறுத்து மாறும். உடம்பைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகுதோ அந்த அளவுக்கு இடைவெளி அகலமாகிட்டே போகும். அதனால காலையில தாமதமா கண்டுபிடிக்கிற மாதிரி வைங்க. டாக்டர் நேர்மையா "பத்து மணியிலேருந்து ரெண்டு மணிக்குள்ள இருக்கலாம்"னு சொல்லட்டும். இது உண்மையான பதில், உண்மையான விடையும் அதுக்குள்ளேயே இருக்கு! ஆனா சில்லு 11:20ன்னு துல்லியமா சொல்லும்போது டாக்டரோட உத்தேசத்தை யாரு கண்டுக்கப் போறா. துல்லியமா ஒரு எண் கிடைச்சா மனுஷங்க அதைத்தான் நம்புவாங்க, டிடெக்டிவும் மனுஷன்தானே.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, டாக்டரே கொலைகாரன்னு இருந்தா இதெல்லாம் தலைகீழாயிடும்.

(கொலைகாரன் டாக்டர் இல்லல்ல?)

---

இரவுவாசகன்:

இல்ல, டாக்டர் இல்ல. டாக்டர்தான் எல்லாரும் சந்தேகப்படுற ஆளு, மருந்து அலமாரி அவங்ககிட்ட இருக்குறதால.

---

ஏழாம்_அத்தியாயம்:

நல்ல த்ரெட். நான் வேற ஒரு கோணத்துல சொல்றேன், இதை எழுதும்போது கவனிக்கலன்னா மேல சொன்ன எல்லாம் செஞ்சும் ஏமாத்தின மாதிரியே ஆயிடும்.

உங்க கதையை சொல்றது யாரு? படர்க்கையில எழுதியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். டிராஃப்ட்ல போய் பதிவு நிக்கிற இடத்தைப் பாருங்க. "11:20க்கு அவன் உயிர் பிரிந்தது"ங்கிற மாதிரி ஏதாவது வரி இருக்கா? இருந்தா அதை உடனே எடுத்துடுங்க. கதாபாத்திரம் பொய் சொல்லலாம், தப்பா நினைக்கலாம், தப்பா முடிவு கட்டலாம். கதையை சொல்ற குரல் மட்டும் பொய் சொல்லக்கூடாது. "11:20க்குப் பதிவு நின்றது" உண்மை. "11:20, அதான் நேரம்" என்று டிடெக்டிவ் எழுதிக்கொண்டார், இதுவும் உண்மை, அவர் எழுதினது உண்மைதானே. கதைசொல்லியே "இறந்தான்"னு சொல்லிட்டா அது பொய்.

1926ல அகதா கிறிஸ்டியோட ஒரு நாவல் வந்தப்ப இதே விஷயத்துலதான் பெரிய வாக்குவாதம் நடந்துச்சு, வாசகரை ஏமாத்திட்டார்னு ஒரு கூட்டம், இல்ல முழுக்க நியாயமா எழுதியிருக்கார்னு ஒரு கூட்டம். பேர் சொல்ல மாட்டேன், படிக்காதவங்க இருப்பாங்க. ஆனா அதை ரெண்டாவது தடவை படிக்கும்போது ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திப் பாருங்க, சில வரிகள்ல கதைசொல்லி எதை சொல்லாம தாண்டிப் போறார்ங்கிறது கண்ணுக்குத் தெரியும், ஆனா சொன்னது எதுவும் பொய் இல்ல. ஒரு மர்மக்கதையை நல்ல கதைன்னு நான் சொல்றதே ரெண்டாவது வாசிப்பு முதல் வாசிப்பை விட ருசியா இருந்தாத்தான்.

திருத்தி எழுதும்போது ஒரு வழி சொல்றேன். எல்லெரி குவீன் பேர்ல வந்த ஆரம்பகாலத் துப்பறியும் நாவல்கள்ல, 1929ல வந்த முதல் நாவல்லேருந்தே, முடிவுக்கு முன்னாடி கதையை நிறுத்திட்டு வாசகருக்கு ஒரு சவால் இருக்கும், விடைக்குத் தேவையான எல்லாத் தகவலும் இப்ப உங்ககிட்ட இருக்கு, நீங்களே கண்டுபிடிங்கன்னு. நீங்க அதைப் புத்தகத்துல போட வேண்டாம். டிராஃப்ட்ல மட்டும் ஒரு வெள்ளைத்தாளை சொருகிப் பாருங்க, எந்த இடத்துல சொருகினா அந்தச் சவாலை மனசாட்சியோட விட முடியும்? இப்ப இருக்குற டிராஃப்ட்ல அப்படி ஒரு இடமே கிடையாது, விடையும் தகவலும் ஒரே பக்கத்துல வருது. புது டிராஃப்ட்ல அந்தத் தாள் கதை முடியுறதுக்கு ஒரு இருபது பக்கம் முன்னாடியாவது உக்காரணும்.

---

வால்நட்சத்திரம்:

ஏழாம்_அத்தியாயம் சொன்னதோட இன்னொண்ணு. க்ளூ இருக்குற வரியை பாராவோட கடைசியில வைக்காதீங்க, சேப்டரோட கடைசியில கண்டிப்பா வேண்டாம். கண்ணு அங்கதான் நிக்கும். கேப்டன் காட்சியில அந்த எட்டு மணி நேரம் வர்ற வரிக்கு அப்புறம் உடனே கதவு தட்டுற சத்தம், கப்பல்ல ஏதோ கோளாறு, ஓடுறாங்க, இப்படி ஏதாவது வரட்டும். நான் எழுதிக் காட்டினதுல "பிரிவே இல்லாத ராத்திரி"ன்னு முடிஞ்சிருக்கு இல்ல, அதை அங்க முடிக்காம அந்த சத்தத்தை உள்ள விட்டுடுங்க.

தண்ணி விஷயமும் அப்படித்தான். இன்ஜினியர் மேஜை மேல என்னென்ன இருந்துச்சுன்னு டிடெக்டிவ் குறிப்பு எடுக்குறப்ப பேனா, ரிப்போர்ட், பாதி குடிச்ச தண்ணி, மகளோட போட்டோ, உடைஞ்ச கண்ணாடின்னு நடுவுல வைங்க. படிக்கிறவங்க உடைஞ்ச கண்ணாடியையும் போட்டோவையும்தான் ஞாபகம் வச்சுப்பாங்க.

---

நடுவகிடு:

நான் அதிகம் ஃபேன்டஸி படிக்கிற ஆளு, இங்க நடக்குற பேச்சு அப்படியே எங்க பக்கமும் பொருந்துது. பிராண்டன் சாண்டர்சன்னு ஒரு ஃபேன்டஸி எழுத்தாளர் 2007ல ஒரு கட்டுரையில ஒரு விதி எழுதினார், மாயத்தை வச்சு ஒரு சிக்கலை எழுத்தாளர் எவ்வளவு திருப்தியா தீர்க்க முடியும்ங்கிறது வாசகருக்கு அந்த மாயம் எவ்வளவு புரிஞ்சிருக்குங்கிறதைப் பொறுத்ததுன்னு. சில்லோ மந்திரமோ ரெண்டும் ஒண்ணுதான்.

ஆனா ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிடறேன். கொலைகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் மறைச்சுதான் ஆகணுமா? 1912லேயே ஆஸ்டின் ஃப்ரீமன்னு ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர் தி சிங்கிங் போன் சிறுகதைத் தொகுப்புல முதல்ல குற்றம் நடக்குறதை முழுசா காட்டிட்டு அப்புறம் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு எழுதினார். உங்க கதையில கொலைகாரன் ஹால்ல எல்லாரோடயும் உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டே கடிகாரத்தைப் பாக்குறான், 11:20 ஆகுது, அவனுக்கு மட்டும் தெரியும் மேல ஒருத்தன் மேஜையில சாஞ்சுட்டான்னு. அதைப் படிக்க எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு. கேப்டன் ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பதிவைப் போடுறதை அவன் பார்த்துக்கிட்டே இருக்கணும், எப்ப அவங்களுக்குத் தோணுமோன்னு. க்ளூவை ஒளிக்க வேண்டிய பாடே இல்ல.

---

மைக்கூடு:

நடுவகிடு சொன்னது வேற கதை, அதுவும் நல்ல கதை, ஆனா அவர் கேட்டது இது இல்லையே. புதிரா எழுத ஆசைப்பட்டு ஒருத்தர் இவ்வளவு தூரம் வந்திருக்கார், அதை நல்லபடியா முடிக்கட்டும். தன்னால கண்டுபிடிச்சிருக்க முடியும், ஆனா கண்டுபிடிக்கலன்னு வாசகருக்குத் தோணுற அந்த நிமிஷம் இருக்கே, அது வேற எந்த வகைக் கதையிலயும் கிடைக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள், இதை வாராவாரம் தொடரா ஆன்லைன்ல போடுற ஐடியா இருந்தா முழுசா எழுதி முடிச்சிட்டுப் போடுங்க. சேப்டர் ரெண்டு வெளியாகிட்டா அப்புறம் அங்க ஒரு வரியைக் கூட உள்ள நுழைக்க முடியாது. போட்டதுக்கப்புறம் மாத்தினா முதல்ல படிச்சவங்களுக்கு ஒரு கதை, அப்புறம் வந்தவங்களுக்கு ஒரு கதைன்னு ஆயிடும்.

---

இரவுவாசகன்:

எல்லாருக்கும் மறுபடி நன்றி. போய் டிராஃப்டைப் பார்த்தேன், ஏழாம்_அத்தியாயம் சொன்ன மாதிரி "இரவு 11:20க்கு எல்லாம் முடிந்துபோனது"ன்னு நானே கதைசொல்லி குரல்ல ஒரு வரி எழுதியிருக்கேன். அதை எடுத்துட்டு "இரவு 11:20க்குத் திரை இருண்டது"ன்னு மாத்திட்டேன். நடுவகிடு சொன்ன ஹால் காட்சியையும் எடுத்துக்கப் போறேன், ஆனா டிடெக்டிவ் கண்ணு வழியா, யாரெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தாங்கன்னு சாட்சிகள் சொல்ற மாதிரி.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. விடையை யாரு கண்டுபிடிக்கணும்? என் டிராஃப்ட்ல டிடெக்டிவ் எல்லாரையும் ஹால்ல கூட்டி வச்சு சொல்றாரு. இப்ப கேப்டனுக்கு அந்தப் பதிவு இருக்குறதால அவங்க கண்டுபிடிக்கலாமோன்னு தோணுது. ஆனா அப்ப டிடெக்டிவ் எதுக்குன்னு கேப்பாங்களே?

---

வால்நட்சத்திரம்:

ரெண்டு பேருமே பாதி பாதி கண்டுபிடிக்கட்டும். டிடெக்டிவுக்கு அந்த ரிப்போர்ட் எண் கொலைகிட்ட கொண்டுபோகலன்னு ஆனதும், இவன் ஏன் ஒரே வரியை ரெண்டு தடவை படிச்சான்ங்கிற கேள்வியோட நிக்குறாரு, அதுக்கு மேல அவரால போக முடியல. கேப்டன்கிட்ட அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுறாரு. கேப்டன் பல ராத்திரி புருஷனோட பதிவைப் பார்த்தவங்க, ஒருத்தருக்குத் தூக்கம் வர்றது உள்ளேயிருந்து எப்படித் தெரியும்னு அந்தக் கப்பல்லயே நல்லாத் தெரிஞ்சது அவங்களுக்குத்தான். பார்த்த உடனே சொல்லிடுவாங்க, "இவருக்குத் தூக்கம் வருது"ன்னு. மீதி டிடெக்டிவ் வேலை, 1 மணிக்கு யாரு எங்க இருந்தாங்கன்னு முதல்லேருந்து விசாரிக்கணும், டாக்டர் சொன்ன பத்துலேருந்து ரெண்டு அப்பதான் அவருக்கு ஞாபகம் வரும். ஹால்ல கூட்டம் கூட்டுறதை எடுத்துடுங்க, அந்த விசாரணையே முடிவா இருக்கட்டும். எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்புங்க, முடிவு தெரிஞ்சாலும் படிக்கிறேன்.